தொட்டறிதலும் உற்பத்தி உறவுகளும்: வன்னிப் பெருநிலத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

எந்திரக் கைகளுக்கும் பற்றுகருவிகளுக்கும் பொருத்தப்படும் தொடு உணரிகளை ஒப்பிட்டு எழுதப்படும் பொறியியற் கட்டுரைகளில் ஓர் அட்டவணை பெரும்பாலும் இடம்பெறும். உணரியின் வகை, அது உணரவல்ல மிகச் சிறிய விசை, ஒரு சதுர சென்ரிமீற்றர் பரப்பில் அமையும் உணர்புள்ளிகளின் தொகை, மறுமொழியின் வேகம், தேய்மானம், விலை என நிரல்கள் வகுக்கப்பட்டிருக்கும். அவ்வட்டவணையில் இடம்பெறாத நிரல் ஒன்றைப் பற்றியதே இக்கட்டுரை. எவருடைய கைக்குப் பதிலாக அவ்வுணரி ஆக்கப்படுகின்றது, அக்கைக்குக் கொடுக்கப்படும் கூலி யாது, அக்கை சிதையின் இழப்பு எவரைச் சாரும் என்பன அந்நிரலில் எழுதப்படவேண்டியவை. இவை பொறியியலுக்குப் புறம்பான வினாக்கள் எனக் கருதப்படுகின்றன. ஆயின், எக்கருவி எங்கே வழக்குக்கு வந்தது, எங்கே வராதொழிந்தது என்பதைத் தீர்மானித்தவை பெரும்பாலும் இவ்வினாக்களே என்பதைத் தொழினுட்ப வரலாறு காட்டும்.

இலக்கிய ஆய்வில் ஈடுபட்டோர் இத்துறையிற் புகுவதற்கு நியாயம் உண்டா எனச் சிலர் வினவக்கூடும். நியாயங்கள் இரண்டு உள. தொடுதல் பற்றிய எமது சொற்கள் நீண்டதொரு சமூக வரலாற்றைத் தம்முள் கொண்டுள்ளமை ஒன்று. கடந்த கால் நூற்றாண்டாக வன்னிப் பெருநிலத்தில், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் வயல்களிலும் காடுகளிலும் கைவிடப்பட்ட காவலரண்களிலும், உலகின் மிகக் கடுமையான தொட்டறிதற் பரிசோதனை ஒன்று நாள்தோறும் நடந்துவந்துள்ளமை மற்றொன்று. அப்பரிசோதனை ஆய்வுகூடத்தில் நடக்கவில்லை. மிதிவெடி அகற்றும் தொழிலாளர் கையில் நடந்தது.

2

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் வழி வகுக்குமிடத்து உற்றறிதலை முதலாவது அறிவாக வைக்கின்றது. புல்லும் மரமும் அவ்வோர் அறிவு மட்டுமே உடையன. சுவை, நாற்றம், காட்சி, கேள்வி என ஏறிச்சென்று மனத்தால் அறியும் மனிதரில் வரிசை முடிகின்றது. உயிர்களை அறிதல் முறையால் வகுத்தமை வியக்கத்தக்க சாதனை என்பதில் ஐயமில்லை. அவ்வரிசை ஏணியாகவும் அமைந்துள்ளமை மனங்கொள்ளத்தக்கது. தொடுதல் எல்லா உயிர்க்கும் அடித்தளம். அதனாலேயே அது யாவற்றினும் தாழ்ந்த படி. கண்ணும் செவியும் கற்றோர்க்குரியனவாகவும் கை உழைப்போர்க்குரியதாகவும் பிரிந்து நின்ற சமூகத்தில் இவ்வேணி வேறு பொருளையும் பெற்றது. தீண்டுதல் என்னும் எளிய வினைச்சொல்லிலிருந்து தீண்டாமை என்னும் கொடிய பெயர்ச்சொல் பிறந்த மொழி எமது மொழி. பிறர் தொடத் தயங்கும் பொருள்களைத் தொட்டு வேலை செய்தோர் கையே தொடத்தகாததாக்கப்பட்டது. 1966 ஒக்ரோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும் அதனைத் தொடர்ந்த போராட்டங்களும் இச்சொல்லின் வரலாற்றைச் சேர்ந்தவையே. அகராதி தொகுப்போர் அவற்றைக் குறிப்பதில்லை.

இக்கட்டுரைக்கு இன்றியமையாத வேறொரு சொல்லும் உண்டு. ஐம்புலன்களை எண்ணும்போது பழந்தமிழ் நூல்கள் தொடுபுலனை ‘ஊறு’ என்னும். உறு என்னும் வினையடியின் முதனிலை நீண்டு பிறந்த பெயர் அது; படு என்பது பாடு ஆவதும் கெடு என்பது கேடு ஆவதும் போல. அதே ஊறு என்னும் சொல் காயம், தீங்கு, இடையூறு என்னும் பொருள்களிலும் பயிலும். உறுவது உணர்வாகவும் இருக்கலாம், ஊனமாகவும் இருக்கலாம். கண் தொலைவிலிருந்து காணும். செவி தொலைவிலிருந்து கேட்கும். கையோ பொருளின் அருகே சென்றாலன்றி அறிய முடியாது. அறிதலும் ஆபத்தும் ஒரே கணத்தில் நிகழ்வது தொடுதலில் மட்டுமே. சொல்லை ஆக்கிய பழந்தமிழர் மிதிவெடியைக் கண்டவரல்லர். எனினும், மிதிவெடி நிலத்தில் வேலை செய்யும் ஒருவரின் தொழில்நிலையை இதனினும் சுருக்கமாகக் கூறும் சொல் எமக்குத் தெரிந்தவரை வேறில்லை.

3

குரங்கு மனிதனாக மாறியதில் உழைப்பின் பங்கு பற்றி ஏங்கெல்ஸ் 1876 இல் எழுதிய கட்டுரை அவர் மறைந்த பின் 1896 இல் வெளிவந்தது. கை உழைப்பின் உறுப்பு மட்டுமன்று, உழைப்பின் விளைபொருளுமாகும் என்பதே அதன் மையக் கருத்து. இருபதாம் நூற்றாண்டின் நரம்பியல் இக்கருத்துக்குப் புதிய உள்ளடக்கம் அளித்தது. சுவீடனைச் சேர்ந்த யொஹான்சன், வால்போ ஆகியோர் 1979 இல் வெளியிட்ட ஆய்வின்படி, மனிதக் கையின் உட்புறத் தோலில் ஏறத்தாழ 17,000 தொடு நரம்பு அலகுகள் உள்ளன. அவை நால்வகைப்படும். சில அழுத்தம் நிலைத்திருக்கும்வரை செய்தி அனுப்பிக்கொண்டேயிருக்கும். சில தொடக்கத்திலும் முடிவிலும் மட்டுமே பேசும். சில தோல் இழுபடுவதை உணரும். சில மிக நுண்ணிய அதிர்வுகளை உணரும். இறுதியிற் கூறிய வகை, பச்சினி என்பாரின் பெயரால் அழைக்கப்படும் உறுப்புகள், ஆழத்தில் அமைந்து செக்கனுக்கு 200 முதல் 300 வரையான அதிர்வுகளுக்குக் கூர்மையாக மறுமொழி தருவன. கையில் உள்ள கோலின் மறுமுனை எதனைத் தொட்டது என்பதை நாம் அறிவதில் இவற்றின் பங்கு பெரிது. கோலைக் கையாள்வோர் அதன் எவ்விடத்தில் தட்டுப்பட்டது என்பதையும் உணர்வர் என 2018 இல் வெளியான ஓர் ஆய்வு நிறுவியது. கருவி உடலின் நீட்சி என்பது அணிநயமன்று. நரம்பு மண்டலத்தின் நடைமுறை.

கருவியினூடாகத் தொடுதலை எந்திரத்தால் ஆக்கும் முயற்சி எப்போது தீவிரமடைந்தது என்பது வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த வினா. இரண்டாம் உலகப் போரின் பின், அணுக்கதிர் வீசும் பொருள்களை விஞ்ஞானிகள் கையாளவேண்டியிருந்தது. 1940களின் இறுதியில் ஐக்கிய அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வுகூடத்தில் றேமண்ட் கோட்ஸ் என்பாரின் குழுவினர், தடித்த சுவருக்கு இப்பால் ஒரு கையும் அப்பால் அதனைப் பின்பற்றும் எந்திரக் கையுமாக ஒரு கருவியை ஆக்கினர். 1954 இல் மின்னால் இயங்கும் வடிவம் வந்தது. அப்பால் உள்ள பிடி சந்திக்கும் தடையை இப்பால் உள்ள கை உணருமாறு விசை திருப்பி அனுப்பப்பட்டது. 1961 இல் மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தில் ஹைன்றிக் ஏர்ன்ஸ்ற் இத்தகைய கையாள்கருவி ஒன்றிற்குத் தொடு உணரிகளைப் பொருத்திக் கணினியுடன் இணைத்தார். ‘எம்.எச்.-1’ எனப்பட்ட அக்கை மேசைமீது தடவிச் சென்று கட்டைகளைத் தேடிக் கண்டெடுத்துப் பெட்டியிலிட்டது. தொடு உணர்வுள்ள கணினிக் கைகளின் வரலாறு இங்கிருந்தே தொடங்குகின்றது எனலாம்.

எந்திரக் கைக்குத் தொடு உணர்வு தேடிய முன்னோடி முயற்சிகள் ஆபத்தின் அருகே பிறந்தவை. உணர்வு வேண்டும், ஊறு ஆகாது என்னும் முரண்பாட்டுக்குத் தடித்த சுவரும் உருக்குக் கையும் விசைத் திருப்பமும் விடையாகத் தரப்பட்டன. அவ்விடைக்கு அளவற்ற பொருள் செலவிடப்பட்டது. சுவருக்கு இப்பால் நின்ற கை அத்துணை விலைமதிப்புடையது. இதே முரண்பாடு அரை நூற்றாண்டின் பின் வன்னியில் எழுந்தபோது கிடைத்த விடை வேறு.

4

அவ்விடையை நோக்குமுன், இக்காலத் தொடு உணரிகளின் திறனையும் குறையையும் கூறவேண்டும். இவற்றை அறியாது ‘எந்திரம் கைக்கு ஈடாகாது’ எனப் பொதுப்படப் பேசுவது வெறும் உணர்ச்சிவாதமாகும்.

மிக மலிவானதும் பரவலானதும் மின்தடை மாறும் வகை. அழுத்தும்போது கடத்தும் இறப்பரின் அல்லது மையின் மின்தடை குறையும். இதனை ஆக்குவது எளிது. ஆனால் சுமை ஏறும்போது ஓர் அளவையும் இறங்கும்போது வேறோர் அளவையும் காட்டும். வெப்பத்தாலும் நாட்பட்ட பயன்பாட்டாலும் அளவு நழுவும். இரு தகடுகளுக்கிடையிலான கொள்ளளவம் மாறுவதை அளக்கும் வகை இதனினும் நுண்ணியது. சிறு விசையையும் காட்டும். ஆனால் ஈரமும் அயலில் உள்ள உலோகமும் அதனைக் குழப்பும். அழுத்தத்தால் மின்னேற்றம் பிறக்கும் பொருள்களைக் கொண்டு செய்யப்படும் வகை மூன்றாவது. கியூறி சகோதரர் 1880 இல் பளிங்குகளில் கண்ட இவ்வியல்பை 1969 இல் யப்பானியரான கவாய் ஒரு பிளாத்திக்குப் படலத்திலும் கண்டார். அதிர்வையும் திடீர்த் தொடுகையையும் இது நன்கறியும். அசையாது கிடக்கும் சுமையை அறியாது, மின்னேற்றம் கசிந்துவிடும். மனிதத் தோலில் ஒரே சதுர அங்குலத்தில் ஒருங்கே வேலை செய்யும் நால்வகை அலகுகளை எந்திரம் தனித்தனிக் கருவிகளாகப் பிரித்துக்கொண்டது என்பது இவற்றை ஒருசேர நோக்கும்போது புலனாகும்.

ஒருங்கிணைக்க முயன்றோரும் உளர். தென் கலிபோர்ணியப் பல்கலைக்கழகத்தில் உருவாகிய ‘பயோராக்’ என்னும் விரல்நுனி, இறப்பர்த் தோலின் கீழ்த் திரவத்தை நிரப்பி, அழுத்தத்தை மின்வாய்களாலும் அதிர்வைத் திரவத்தின் ஊடாகவும் வெப்பத்தைத் தனியாகவும் அளந்தது. 2012 இல் பிஷெல், லோப் ஆகியோர் அதனைக்கொண்டு 117 வகைப் பரப்புகளை 95.4 சதவீதம் சரியாக இனங்கண்டதாக வெளியிட்டனர். வேறொரு வழி, தொடுதலைக் காட்சியாக மாற்றிவிடுவது. 2009 இல் மசாசூசெற்ஸில் ஜோன்சன், அடெல்சன் ஆகியோர் ஆக்கிய ‘ஜெல்சைற்’ மென்மையான ஜெல்லின் பின்னால் ஒளிப்படக் கருவியை வைத்து, ஜெல் அமுங்கும் வடிவத்தைப் படமெடுக்கின்றது. நுணுக்கத்தில் அது மனித விரலையும் விஞ்சும். (தொடுதலை அறியக் கண்ணை நாடியமை தொல்காப்பிய ஏணியை நினைவூட்டுகின்றது.) ஜெல்லின் குறை தேய்மானம்; மணலில் உராயுமிடத்து அதன் ஆயுள் குறுகியது.

இவ்வுணரிகளை வன்னி மண்ணின்மேல் வைத்து எண்ணிப்பார்த்தல் பயனுடையது. முல்லைத்தீவுக் கரையோர மணல் ஜெல்லைத் தேய்க்கும். மாரியில் ஊறிய வயல்நிலம் கொள்ளளவ உணரியை மயக்கும். பங்குனி, சித்திரை வெயில் மின்தடை உணரியை நழுவச் செய்யும். வேர், கல், சன்னத்துண்டு, எலும்பு, தகரம் யாவும் கலந்த போர்நிலத்தில் ஒரு மரப்பெட்டியின் பக்கத்தை இனங்காண்பது, ஆய்வுகூட மேசையில் 117 பரப்புகளை இனங்காண்பது போன்றதன்று. பொறியியலாளர் இதனை அறியாதவரல்லர். தீர்க்கவியலாத சிக்கல்கள் என்றும் இவற்றைச் சொல்வதற்கில்லை. எண்ணெய்க் கிணற்றின் ஆழத்திற்கும் செவ்வாய்க் கிரகத்திற்கும் பொருத்தமான உணரிகளைச் செய்தோர் முகமாலைக்குப் பொருத்தமானதைச் செய்யமாட்டாதவர் என நம்புவதற்கு ஆதாரமில்லை.

5

போரின் இரு தரப்பினரும் வன்னியில் மிதிவெடிகளைப் புதைத்தனர். இராணுவம் பாகிஸ்தானில் ஆக்கப்பட்ட பி-4 போன்றவற்றைப் பயன்படுத்தியது. விடுதலைப் புலிகள் ‘ஜொனி 95’ எனப்படும் சிறு மரப்பெட்டி வெடியையும், பி-4 ஐப் பார்த்துச் செய்த ‘றங்கன் 99’ ஐயும் ஆக்கினர். 2002 பெப்ரவரிப் போர்நிறுத்தத்தின் பின் ஹலோ டிரஸ்ட், மாக் முதலிய அமைப்புகள் இங்கு வந்தன. 2009 மே மாதத்தில் போர் முடிந்ததும் பணி பல மடங்கு விரிந்தது. செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் அடைக்கப்பட்டிருந்த மக்கள் ஊர் திரும்புவதற்கு நிலம் துப்புரவாக்கப்படவேண்டியிருந்தது. அம்முகாம் 2012 செப்ரெம்பரிலேயே மூடப்பட்டது. பின்னர் டாஷ், ஷார்ப் என்னும் உள்ளூர் அமைப்புகளும் இப்பணியில் ஈடுபட்டன. இராணுவத்தின் அணியும் உண்டு.

மிதிவெடியைக் கண்டறிய இரு வழிகள் மரபாக இருந்தன. ஒன்று உலோகங் காட்டும் கருவி. மரப்பெட்டி வெடியில் உலோகம் சொற்பம். நிலத்திலோ எறிகணைச் சன்னங்கள் ஏராளம். காட்ட வேண்டியதற்குக் கருவி மெல்ல முனகும். காட்ட வேண்டாததற்கெல்லாம் அலறும். ஒவ்வோர் அலறலையும் தோண்டிப் பார்த்தே தீரவேண்டும். மற்றொன்று கூர்நுனிக் கம்பியால் குத்திப் பார்த்தல். நெல் வாணிகர் சாக்கின் உள்ளே செருகும் குத்தூசியை ஒத்தது அது. மிதிவெடி மேலிருந்து வரும் அழுத்தத்திற்கே வெடிக்குமாகலின், கம்பியை ஏறத்தாழ 30 பாகை சாய்த்துச் செருகி அதன் பக்கத்தைத் தொடவேண்டும். தொட்டது கல்லா, வேரா, பெட்டியா என்பதைக் கம்பியின் வழி வரும் அதிர்வும் தடையும் கூறும். முகமும் கையும் வெடிக்கு மிக அருகில் இருக்கும்.

இக்குத்தூசிக்கே உணரி பொருத்தும் முயற்சி நடைபெற்றதுண்டு. 1990களில் கனடாவில், நுனி தொட்ட பொருளுக்குள் மீயொலியை அனுப்பி, திரும்பும் அலையைக்கொண்டு அது பிளாத்திக்கா, கல்லா, மரமா எனக் கூறும் கம்பி ஒன்று ஆக்கப்பட்டது. கை செலுத்தும் விசையை அளந்து எச்சரிக்கும் கம்பிகளும் சோதிக்கப்பட்டன. இவை தொடு உணரி ஆய்வின் நேரடி உறவினர். ஆயினும் வன்னியில் நிலைபெற்றது இவற்றுள் எதுவுமன்று, நிலைபெற்றது வாரி.

போர்நிறுத்தக் காலத்தில் நோர்வே மக்கள் உதவி அமைப்பு இலங்கையில் நெறிப்படுத்திய இம்முறை வாரித் தோண்டிக் கண்டறிதல் எனத்தக்கது. தோட்டத்தில் சருகு வாருவதை ஒத்த, நீண்ட பிடியும் பற்களும் உடைய கருவிகள் இரண்டு. பாரமானது மண்ணை இளக்கும். பாரங்குறைந்தது இளகிய மண்ணைத் தன்பக்கம் இழுத்து அகற்றும். துப்புரவான ஓரத்திலிருந்து தொடங்கி, மண்ணின் பக்கமுகத்தைச் சிறிது சிறிதாக அரித்து முன்னேறுவர். வெடியை அதன் தலைமீது சந்திக்காமல் விலாப்புறத்தே சந்திப்பது நோக்கம். உலோகம் உண்டோ இல்லையோ, வாரி சென்ற ஆழம்வரை நிலத்தில் எதுவும் மறைந்திருக்க முடியாது. இறுகிய மண்ணுக்கு நீர் தெளிப்பர். மந்தமான, வெயிலில் நின்று செய்யும், ஓயாத வேலை அது.

வாரியின் சிறப்பு அதன் பிடியின் நீளத்தில் உள்ளது. வெடிப்பின் அழுத்தம் தூரத்தோடு மிக விரைந்து குறையும். ஆகவே கை எவ்வளவு அப்பால் உள்ளதோ அவ்வளவு உயிர்க்காப்பு. ஆனால் பிடி நீளநீள நுனியில் நிகழ்வதன் செய்தி மங்கும். உணர்வும் ஊறும் ஒரே பிடியின் நீளத்தால் எதிரெதிராக அளக்கப்படுகின்றன. வாரியின் பல் பெட்டியின் விளிம்பில் உரசும்போது எழும் அதிர்வு மரப்பிடியில் ஏறி உள்ளங்கையின் ஆழத்தை அடைகின்றது. அக்கணத்தில் இழுப்பதை நிறுத்தவேண்டும். இழுவையின் வேகத்தை மாற்றியும் பல்லின் சாய்வை மாற்றியும் செய்தியைத் தெளிவாக்கிக்கொள்ளும் திறன் வாரியில் இல்லை. வாரியைப் பிடித்தவரில் உள்ளது. தொட்டறிதல் என்பது காத்திருந்து பெறுவதன்று, தேடி அசைந்து பெறுவது என்பதை எந்திரவியலார் இன்று ‘செயல்முனைப்புத் தொடுதல்’ என்னும் தலைப்பில் ஆராய்கின்றனர். வன்னியில் அது நாட்கூலித் திறன்.

அத்திறனைப் பெற்றோர் யார் என்பதை விதந்து கூறவேண்டும். மிதிவெடி அகற்றும் அணிகளில் பெண்கள் பெருந்தொகையினர். கணவரைப் போரில் இழந்தோரும் குடும்பத் தலைமையைத் தனியே ஏற்றோரும் அவருட் பலர். வெளிநாட்டுச் செய்தியாளர் இவர்களைப் பற்றி எழுதும்போது துணிவையே பெரிதும் போற்றுவர். துணிவைப் போற்றுவது திறனை மறைப்பதற்கு நல்லதொரு வழி. துணிவு இயல்பாக வாய்ப்பது என்றாகிவிடின் அதற்குக் கூலி கேட்க இடமில்லை. திறனோ பயின்று பெறப்பட்டது, விலை உடையது.

6

மூலதனத்தின் முதல் தொகுதியில் (1867) எந்திரம் பற்றிய அத்தியாயத்தில் மார்க்ஸ் ஒரு செய்தியைக் குறிப்பிடுகின்றார். அமெரிக்கர் கல்லுடைக்கும் எந்திரத்தைக் கண்டுபிடித்தனர். ஆங்கிலேயர் அதனைப் பயன்படுத்தவில்லை. கல்லுடைப்போருக்குக் கொடுக்கப்பட்ட கூலி அத்துணை சிறிது ஆதலின் எந்திரம் செலவைக் கூட்டியிருக்கும். கால்வாய்ப் படகுகளை இழுப்பதற்குக் குதிரைகளுக்குப் பதிலாகப் பெண்கள் அமர்த்தப்பட்டமையும் அங்கேயே பேசப்படுகின்றது. எந்திரம் எவ்வளவு உழைப்பை மிச்சப்படுத்தும் என்பது கணக்கன்று. எவ்வளவு கூலியை மிச்சப்படுத்தும் என்பதே முதலாளித்துவத்தின் கணக்கு.

கண்ணிவெடி அகற்றல் இலாபத்திற்காக நடைபெறுவதன்று, நன்கொடையால் நடைபெறுவது. ஆகவே மார்க்ஸின் கூற்று இங்குப் பொருந்தாது என மறுப்போர் இருக்கலாம். மறுப்பு வலுவுடையதே. ஆனால் நன்கொடையாளரும் ஒரு சதுர மீற்றருக்கு ஆகும் செலவையே கேட்கின்றனர். அக்கணக்கில் மலிவான கை வெல்லும்போது உணரி தோற்கும். வன்னியில் ஏனைய கூலி வேலைகளோடு ஒப்பிட வெடி அகற்றும் வேலையின் ஊதியம் மேலானது என்பது உண்மை. அது வாதத்தை வலுப்படுத்துகின்றதேயன்றிக் குறைக்கவில்லை. சுற்றுப்புறத்துக் கூலி எவ்வளவு தாழ்ந்திருந்தால் உயிரைப் பணயம் வைக்கும் வேலை மேலான வேலையாகும் என்பதே வினா.

எந்திரங்கள் வரவேயில்லை என்பதுமில்லை. சங்கிலியால் நிலத்தை அடித்துக் கிளறும் பொறிகளும் மண்ணை அரிக்கும் பொறிகளும் பயன்பட்டன. அவை வலிமையின் எந்திரங்கள், உணர்வின் எந்திரங்களல்ல. அவை சென்ற இடத்திலும் கையால் சரிபார்க்கும் வேலை எஞ்சியது. உணர்வின் எந்திரத்தை நோக்கி எமது நாட்டிலேயே எழுந்த முயற்சி குறிப்பிடத்தக்கது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் திரிஷாந்த நாணாயக்காரவும் அவரது மாணவரும் ‘முரளி’ எனப் பெயரிட்ட எந்திரனை ஆக்கினர். 2008 இல் வெளியான அவர்களது ஆய்வில், வெடிமருந்தின் மணத்தை அறியப் பழக்கிய கீரி ஒன்றைச் சிறிய எந்திரனோடு பிணைத்துத் தொலைவிலிருந்து வழிநடத்தும் முறை விளக்கப்பட்டது. இருப்பதைக்கொண்டு இயற்றப்பட்ட அறிவியல் அது. மூக்குக்கு ஒத்த உணரி செய்யப் பெரும்பொருள் வேண்டும். கீரி பற்றைக்குள் கிடைக்கும். அம்முறை வன்னியின் வழக்கு முறையாகவில்லை. நாணாயக்கார பின்னர் இலண்டனில் கிங்ஸ் கல்லூரியிலும் அதன்பின் இம்பீரியல் கல்லூரியிலும் பணியாற்றி, மென்மையான திசுவின் உள்ளே கிடக்கும் கடினமான பகுதியை எந்திர விரல் தொட்டு எவ்வாறு அறியலாம் என்பதை ஆராய்ந்தார். மருத்துவர் வயிற்றைத் தொட்டு நோய் தேறும்போது விசையையும் திசையையும் மாற்றிமாற்றி அழுத்துவதை அக்குழுவினர் அளந்தனர். இளகியதன் உள்ளே இறுகியதைத் தேடுதல்: வாரிக்காரரின் சிக்கலும் இதுவே. இலங்கை வெடிநிலத்தில் தொடங்கிய ஆய்வுப் பாதை இலண்டன் மருத்துவத்தை அடைந்ததற்கு ஆய்வாளரின் விருப்பத்தைக் காரணமாகக் கூறிப் பயனில்லை. ஆய்வுக்கான பணம் எங்குள்ளதோ அங்கே வினாக்களும் செல்லும்.

வேறொரு திசையிலிருந்தும் இதனைக் காணலாம். 2025 மே மாதத்தில் அமேசன் நிறுவனம் ‘வல்கன்’ என்னும் தொடு உணர்வுள்ள எந்திரத்தை அறிமுகஞ்செய்தது. பண்டகசாலையில் துணி அறைகளுக்குள் நெருக்கமாக அடுக்கிய பொருள்களை, தொடுவிசையை அறிந்து ஒதுக்கி, வைக்கவும் எடுக்கவும் வல்லது. அது ஐக்கிய அமெரிக்காவிலும் ஜேர்மனியிலும் பயன்பாட்டுக்கு வந்தது. கூலி உயர்ந்த நாடுகள். அதேவேளை, துணியைக் கையாள்வது எந்திரக் கைகளுக்கு இன்றும் பெருஞ்சிக்கல். அடுக்கிலிருந்து ஒரே ஒரு மடிப்பை மட்டும் பிரித்தெடுத்தல், நெளியும் விளிம்பை ஊசிக்கு நேரே செலுத்துதல் ஆகியவற்றை விரல் ஒரு கணத்தில் செய்யும்; பற்றுகருவி தடுமாறும். போருக்குப் பின் கிளிநொச்சியில் மாஸ் குழுமம் ஆடைத் தொழிற்சாலைகளை நிறுவியதில் வன்னிப் பெண்களின் விரல்நுனிக்கு உலகச் சந்தையில் உள்ள விலையும் அடங்கியுள்ளது. வெடி அகற்றும் வாரியும் தையல் எந்திரமும் ஒரே கிராமத்தின் ஒரே தலைமுறைப் பெண்களுக்கு முன் வைக்கப்பட்ட இரு தெரிவுகள். இரண்டிலும் விற்கப்படுவது, எந்திரம் இன்னும் மலிவாகச் செய்யமாட்டாத தொட்டறிதலே.

7

மிதிவெடித் தடைப் பொருத்தனையில் இலங்கை 2017 டிசெம்பரில் சேர்ந்தது. அதன்படி 2028 யூன் 1 நிலத்தைத் துப்புரவாக்கி முடிப்பதற்கான காலக்கெடு. 2025 ஜனவரியில் ஐக்கிய அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை இடைநிறுத்தியபோது, அந்நிதியில் தங்கியிருந்த வெடி அகற்றும் பணி தடைப்பட்டது. வொஷிங்டனில் இடப்பட்ட ஒரு கையொப்பம் கிளிநொச்சியில் ஒரு வாரியை நிறுத்த வல்லது என்பதை நிதி மூலதனம் பற்றிய எந்த நூலையும்விட அந்நாட்கள் தெளிவாகக் கற்பித்தன. காலக்கெடு நிறைவேறினும் பிந்தினும், பணி முடிவை நோக்கிச் செல்கின்றது. முடியவேண்டும் என்பதே எவரது விருப்பமும். முடியும்போது தொழிலாளர் வேலை இழப்பர். அத்தோடு, மண்ணின் உள்ளே கிடப்பதை மரப்பிடியின் வழி அறியும் திறனும் எங்கும் எழுதப்படாமல் கலைந்துபோகும்.

சேர சோழர் காலத்துத் தொழில்நுட்பங்களைக் கல்வெட்டில் தேடும் எமது ஆய்வாளர், கண்முன்னே வாழும் தொழிற்றிறனைப் பதிவதில் காட்டும் அசிரத்தை வியப்புக்குரியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் 2014 முதல் கிளிநொச்சி அறிவியல் நகரிலேயே இயங்குகின்றது. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. வெடிநிலங்களும் எந்திரவியல் வகுப்பறையும் ஒரே ஏ-9 வீதியால் இணைந்துள்ளன. வாரியின் பிடியில் ஒட்டத்தக்க அதிர்வுமானி கைத்தொலைபேசிக்குள் இருப்பதை ஒத்த சிறு துண்டே. அதன் விலையும் பெரிதன்று. வேர், கல், தகரம், வெடிமருந்து நீக்கிய மரப்பெட்டி ஆகியவற்றில் பல் உரசும்போது எழும் அதிர்வுகளை, பல ஆண்டு பழகிய கையிலும் புதிய கையிலும், பயிற்சி நிலத்தில் வைத்து அளக்கலாம். உரசலின் வேறுபாடுகளுக்கு அவர்கள் தம்முள் வழங்கும் சொற்களைத் தமிழ்த்துறை மாணவர் அருகிருந்து திரட்டலாம். நெசவாளர், கொல்லர், மீனவர் குழூஉக்குறிகளை நாம் திரட்டியதுண்டு, இதனைத் திரட்டவில்லை.

அவ்வாறு அளந்தவை நாளை ஓர் எந்திரக் கைக்குப் பயிற்சித் தரவாகும். உலகெங்கும் எந்திரக் கைகள் இன்று மனிதக் கைகளின் பதிவுகளைக்கொண்டே பயிற்றப்படுகின்றன. பதிவு செய்யப்பட்ட கைகளின் உரிமையாளருக்கு அத்தரவில் பங்கு உண்டா என்பது இன்னும் தீராத வழக்கு. ஆகவே பதிவு தொடங்குமுன், அது எவருடையது, எந்நோக்கிற்குத் தரப்படுகின்றது, விற்கப்படின் வருவாயில் எப்பங்கு வாரி பிடித்தோரைச் சேரும் என்பதை அவர்களோடு அமர்ந்து அவர்களது மொழியில் எழுதிக் கையொப்பமிடுதல் வேண்டும். அப்பத்திரத்தின் முதல் வரைவைப் பொறியியற் பீடமும் தமிழ்த்துறையும் சட்டத்துறையும் சேர்ந்து ஆக்குவதற்குத் தடையெதுவும் இருப்பதாக எமக்குத் தோன்றவில்லை.